மிச்சக் குளிசை டின்: அன்டிபயோட்டிக்கை வீட்டில் கையாளும் வழி

உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு டின் இருக்கும். பால்மா டின்னாகவோ நெஸ்டமோல்ட் டின்னாகவோ இருக்கலாம். அதை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்துக் கொட்டுங்கள். போன வருடத்துக் காய்ச்சலில் மிஞ்சிய குளிசைகள், மட்டை கிழிந்து பெயர் பாதியாகிப் போனவை, அடியில் கெட்டிப்பட்ட பாணி மருந்துப் போத்தல், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விட்டுப்போன ஏதோ ஒன்று, எல்லாம் விழும். அன்டிபயோட்டிக் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் இந்த டின்னிலிருந்துதான் தொடங்குவேன். உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து தொடங்கினால் ஆட்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

நான் மருந்தாளர். அரச வைத்தியசாலைகளில் 26 வருடம் வேலைசெய்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குக் கிட்டச் சிறியதொரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்காரர் வருவார்கள். மண்டூரிலிருந்து பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கி மேற்குக் கரையான படுவான்கரைக்காரரும் வருவார்கள். எல்லோருக்கும் நான் 'மிஸ்'. "மிஸ், ஐந்து அமொக்சிலின் தாருங்கள்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாசகம். ஏன் ஐந்து என்று கேட்டால் பதில் இராது. கையில் இருக்கும் காசுக்கு ஐந்து வரும், அவ்வளவுதான்.

வைத்தியர் எழுதித் தரும் மருந்துத் துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது என்பது இலங்கையில் சட்டம். எனக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் கடை திறந்த முதல் வருடங்களில் கொடுத்திருக்கிறேன். நான் கொடுக்காவிட்டால் நான்கு கடை தள்ளிப் போய் வாங்கத்தானே போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கான கூலியை அனுபவித்தது என் மாமி. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் டின்.

டின்னைப் பிரிப்பது

எது அன்டிபயோட்டிக் என்று பிரிக்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். "சிவப்பும் மஞ்சளும் கலந்த கூடு" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. கம்பனி மாறினால் கூட்டின் நிறமும் மாறும். மட்டையில் பெரிதாக இருக்கும் கம்பனிப் பெயரையும் விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். மருந்தை அந்தப் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று இந்த நாட்டில் விடாப்பிடியாக நின்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானதும் அவர் முயற்சியால்தான். அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதையாகவாவது அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

பெயரின் வாலைப் பார்த்தாலே குடும்பம் தெரியும். 'சிலின்' என்று முடிந்தால் பெனிசிலின் வழி: அமொக்சிசிலின், க்ளொக்சசிலின். 'ஃப்ளொக்சசின்' என்றால் சிப்ரோவின் உறவு. 'த்ரோமைசின்' என்றால் எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும். 'சைக்ளின்' என்றால் டொக்சிசைக்ளின். செஃபலெக்சின், செஃபுரொக்சிம் போன்றவற்றுக்கு வால் அல்ல, தலைதான் அடையாளம்: 'செஃப்'. ஃபிளஜில் என்று எங்கள் ஆட்கள் சொல்லும் மெட்ரோனிடசோலும் இந்தக் குவியலில்தான் சேரும்.

இப்படிப் பிரித்த குவியலில் எல்லாம் ஒரே தரமல்ல. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் அன்டிபயோட்டிக்குகளை மூன்று கூட்டமாகப் பிரித்தது. முதற் கூட்டம் வழமையான தொற்றுக்கு முதலில் எடுக்க வேண்டியவை. அமொக்சிசிலின், டொக்சிசைக்ளின் போன்றவை. இரண்டாவது, கவனத்தோடு மட்டும் தொட வேண்டியவை. கிருமிகள் இவற்றுக்குச் சீக்கிரம் பழகிவிடும். மூன்றாவது, வேறு எதுவும் கேட்காத கட்டத்துக்கென்று பூட்டி வைக்க வேண்டியவை. மனிதர் எடுக்கும் அன்டிபயோட்டிக்கில் 70 வீதமாவது முதற் கூட்டத்ததாக இருக்க வேண்டும், அதுவும் 2030க்குள், என்று 2024 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நாடுகள் இலக்கு வைத்தன. சிப்ரோவும் அசித்ரோவும் இரண்டாம் கூட்டம். எங்கள் பக்கத்து டின்களில் நான் அதிகம் காண்பதோ இந்த இரண்டையும்தான்.

பிரித்தாகிவிட்டதா? அந்தக் குவியலை மீண்டும் டின்னுக்குள் போடாதீர்கள். கிணற்றடி, மலகூடக் குழி, வாவி எதற்குள்ளும் போடாதீர்கள். முதலில் மருந்துக்கடையிலோ வைத்தியசாலை மருந்துப் பகுதியிலோ திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் மட்டையிலிருந்து பிரித்து, சாம்பலோடோ குடித்த தேயிலைச் சக்கையோடோ கலந்து, பையில் இறுகக் கட்டி, பிரதேச சபைக் குப்பை வண்டியில் போடுங்கள். பிள்ளையும் எடுக்காது, நாயும் கிளறாது.

காய்ச்சல் வந்த முதல் நாள்

அன்டிபயோட்டிக் பக்டீரியாவைக் கொல்லும். வைரசை ஒன்றும் செய்யாது. இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு, "சரி மிஸ், அப்படியென்றால் பவர் குறைந்ததாக ஒன்று தாருங்கள்" என்பார். பவரில் இல்லை விடயம். பூட்டுக்குப் பொருந்தாத திறப்பைச் சின்னதாக வெட்டினால் மட்டும் பூட்டுத் திறக்குமா?

மூக்கு ஓடுகிறது, தும்மல், இருமல், தொண்டை கரகரப்பு, உடம்பு உளைவு. இவை ஒன்றாகக் கிளம்பினால் பெரும்பாலும் அது வைரசுத் தடிமன். ஒரு கிழமை, பத்து நாளில் தானாகப் போகும். இருமல் மட்டும் மூன்று கிழமை வரை இழுபடலாம். நடுவில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். அந்த நிறத்தைக் கண்டவுடன் ஆட்கள் கடைக்கு ஓடிவருகிறார்கள். கிருமியோடு சண்டையிடும் எங்கள் வெண்குழியங்களால் வரும் நிறம் அது. அதைக் கொண்டு பக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது.

தொண்டை நோவில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இருமலும் மூக்கோட்டமும் இல்லை, ஆனால் காய்ச்சல் அடிக்கிறது, தொண்டைக்குள் சீழ்ப்புள்ளி தெரிகிறது, கழுத்துக் கட்டி தொட்டால் நோகிறது என்றால், முக்கியமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு வகைப் பக்டீரியாத் தொண்டை நோயைக் கவனிக்காமல் விட்டால் பின்னாளில் இருதய வால்வைப் பாதிக்கும் வாதக் காய்ச்சல் வரலாம். அந்த இடத்தில் பெனிசிலின் ஒரு கொடை. அன்டிபயோட்டிக் வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானல்ல.

மாரி தொடங்கினால் எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும். டெங்குவும் வைரசுதான். பரசிட்டமோல், ஓய்வு, நீராகாரம். அஸ்பிரின், இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனக் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். டின்னிலிருந்து எடுத்த அமொக்சிசிலினை மூன்று நாள் விழுங்கிக்கொண்டு, "மருந்து குடிக்கிறேன்தானே" என்று இரத்தம் சோதிக்காமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத அன்டிபயோட்டிக் செய்யும் முதல் கெடுதி இந்தப் போலி நிம்மதி. மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குதல், நெஞ்சு உள்ளிழுத்தல், எழுப்பியும் எழாத மயக்கம், விறைத்த கழுத்து, சலம் போகாமை, மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, தாங்க முடியாத வயிற்றுவலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

வெறும் தண்ணீராகப் போகும் வயிற்றோட்டத்துக்கு ஃபிளஜில் வாங்குவது எங்கள் ஊர்ப் பழக்கம். பெரும்பாலும் தேவைப்படுவது ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் தூள். ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். அரைப் பைக்கற் அரை லீற்றர் என்று கண்மதிப்பில் பிரிக்க வேண்டாம்.

வைத்தியரிடமும் கவுண்டரிலும்

பின்னேரம் தனியார் கிளினிக்கில் ஐம்பது, அறுபது பேர் இலக்கத்தோடு காத்திருப்பார்கள். உள்ளே போன ஆள் வெறும் பரசிட்டமோலோடு வெளியே வந்தால் முகம் தொங்கிவிடும். காசு கொடுத்துப் போனோம், பனடோலா தந்தார் என்று ஊரெல்லாம் சொல்வார். அடுத்த தடவை அந்த வைத்தியரும் மனிதர்தானே, ஒரு அன்டிபயோட்டிக் எழுதிவிடுவார். குறை அவரிடம் மட்டுமில்லை. ஆகவே நீங்களே முந்திச் சொல்லுங்கள்: "டொக்டர், அன்டிபயோட்டிக் தேவையில்லை என்றால் எனக்கு வேண்டாம்." அவருக்கு அதைவிட நிம்மதியான வாசகம் அன்றைக்குக் கிடைத்திராது.

எழுதினால் மூன்றைக் கேளுங்கள். இது என்ன தொற்றுக்கு? எத்தனை நாள்? மூன்றாம் நாளும் சுகமில்லாவிட்டால் என்ன செய்வது? பதிலைத் துண்டின் பின்புறத்தில் குறித்துவையுங்கள். முன்பு பெனிசிலினுக்கு உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது என்றால் அதை அவர் கேட்கும்வரை காத்திராமல் சொல்லுங்கள்; கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதச் சொல்லுங்கள். கர்ப்பம், பாலூட்டல், சிறுநீரக வருத்தம், வேறு எடுக்கும் மருந்துகள், இவையும் அப்படியே.

கடையில் காசு போதாவிட்டால் பாதி வாங்காதீர்கள். அரச வைத்தியசாலையில் அதே மருந்து இலவசம். காசு போதவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "மிச்சத்தைப் பிறகு வாங்குகிறேன்" என்று போனவர் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

மணியும் சாப்பாடும் தயிரும்

'நாளுக்கு மூன்று வேளை' என்றால் எங்கள் வீடுகளில் காலை, மத்தியானம், இரவு. காலை எட்டுக்கும் மத்தியானம் ஒன்றுக்கும் இரவு எட்டுக்கும் போட்டால், பிறகு விடியும்வரை 12 மணித்தியாலம் உடம்பு வெறுமையாகக் கிடக்கும். இ. கோலை என்ற குடற்கிருமி வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒன்றிலிருந்து தொடங்கினால் 8 மணித்தியாலத்தில் கணக்குப்படி ஒரு கோடியே அறுபது இலட்சத்தைத் தாண்டும். உடம்புக்குள் அவ்வளவு வேகம் இராது. ஆனாலும் இடைவெளி ஏன் முக்கியம் என்பது விளங்கும். எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்றால் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் மணிக்கும் பாங்குக்கும் பொருத்தி நினைவு வைக்கிற கிழவிகள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். தொலைபேசி அலாரத்தைவிட அவர்கள் தவறுவது குறைவு.

ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்தவுடன் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டை ஒன்றாக விழுங்க வேண்டாம்.

அமொக்சிசிலினைச் சாப்பாட்டோடும் போடலாம். காயம், கட்டிக்குத் தரும் க்ளொக்சசிலினுக்கு வெறும் வயிறு வேண்டும்: சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ இரண்டு மணித்தியாலம் பின்போ. மெட்ரோனிடசோலைச் சாப்பாட்டோடு போடுங்கள்; அது குடிக்கும் நாட்களிலும் முடிந்த பின் இரண்டு நாட்களுக்கும் சாராயமும் கள்ளும் தொடக்கூடாது. "பியருமா மிஸ்?" பியரும்தான்.

மட்டக்களப்புக்காரருக்கு மட்டும் தனியாக ஒன்று. சிப்ரோவை எருமைத் தயிரோடு விழுங்காதீர்கள். தயிரிலும் பாலிலும் உள்ள கல்சியம் சிப்ரோவைப் பிடித்துக்கொள்ளும். மருந்து இரத்தத்தில் சேராமல் குடலோடு போய்விடும். கல்சியக் குளிசை, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புக் குளிசை, நெஞ்செரிவுப் பாணி எல்லாம் அதே வேலையைச் செய்யும். சிப்ரோ போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துத் தயிர் சாப்பிடுங்கள். தயிர்தான் முதலில் என்றால் சிப்ரோவுக்கு ஆறு மணித்தியாலம் பொறுங்கள். வயிறு எரியும் என்று பயந்து தயிரும் சீனியும் சேர்த்துச் சிப்ரோவை விழுங்கிய வாத்தியார் ஒருவர், மருந்து போலி என்று என்னோடு சண்டைக்கு வந்தார். போலி இல்லை, வாத்தியாருக்குத் தயிர் விருப்பம்.

பிள்ளைகளின் பாணி மருந்து தூளாக வரும். போத்தலைத் தட்டித் தூளை இளக்குங்கள். கொதித்தாறிய நீரைக் கோடு வரை இரண்டு தவணையாக ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கிய பின் நீர்மட்டம் கோட்டில் நிற்க வேண்டும். பலர் நுரையைக் கோடாக எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் குலுக்கி, போத்தலோடு வந்த கரண்டியால் அளந்து கொடுங்கள். தேநீர்க் கரண்டி வீட்டுக்கு வீடு வேறு. கரைத்த திகதியை மூடியில் எழுதுங்கள். லேபிளில் போட்டிருக்கும் 7 நாளோ 14 நாளோ கடந்தால் ஊற்றிவிட வேண்டும். தம்பிக்குக் கரைத்தது அடுத்த மாதம் தங்கச்சிக்கு ஆகாது.

எத்தனை நாள் என்பதில் நானே மனம் மாறியிருக்கிறேன். முன்பெல்லாம் "சுகம் வந்தாலும் கடைசிக் குளிசை வரை முடி" என்று அதட்டுவேன். இப்போது பல தொற்றுகளுக்குக் குறுகிய நாட்களே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பு பத்து நாள் எழுதிய இடத்தில் ஐந்து நாள் எழுதுகிறார்கள். தேவைக்கு மேல் விழுங்கும் ஒவ்வொரு நாளும் குடலிலுள்ள மற்றக் கிருமிகளுக்கும் அந்த மருந்தோடு மல்லுக்கட்டப் பயிற்சி. ஆனால் அந்த நாட்கணக்கை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது என்று நீங்களாக நிறுத்தி மிச்சத்தை டின்னில் போடுவதற்கு இது அனுமதி இல்லை. நிறுத்தத் தோன்றினால் கேளுங்கள். சயரோகத்துக்கு இந்தப் பேச்சே கிடையாது; ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்.

மாமியின் ரிப்போர்ட்

மாமிக்கு அடிக்கடி சலக்கடுப்பு வரும். சீனி வருத்தமும் இருந்தது. கடை வீட்டோடு ஒட்டியது. "பிள்ளை, அந்தக் குளிசையைத் தா" என்பார், நான் சிப்ரோவைக் கொடுப்பேன். மூன்று நாளில் குறையும். ஒன்றரை வருடத்துக்குள் நான்கு தடவை கொடுத்தேன். சலத்தைச் சோதிக்கவில்லை. மருந்தாளர் வீட்டில் யார் சோதிப்பது?

ஐந்தாவது தடவை குறையவில்லை. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, முதுகுப்புறம் நோவென்று துடித்தார். வைத்தியசாலையில் சேர்த்து, சலத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வந்த ரிப்போர்ட்டில் இ. கோலை என்று இருந்தது. கீழே மருந்துகளின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. சிப்ரோவுக்கு 'ஆர்', அதாவது கிருமி அடங்காது. அமொக்சிசிலினுக்கு 'ஆர்'. செஃபுரொக்சிமுக்கு 'ஆர்'. எனக்குத் தெரிந்த குளிசைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தன. நாளத்தில் ஏற்றும் மெரோபெனமில் வந்துதான், அடங்கும் என்ற 'எஸ்' நின்றது. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி. மாமி பிழைத்தார். கட்டிலருகே இருந்த நாட்களில் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் பெனிசிலினைக் கண்டுபிடித்தவர். 1945 டிசம்பரில் நொபெல் உரையில் அவர் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார்: தொண்டை நோவுக்குத் தானாகப் பெனிசிலின் வாங்கிக் குறைவாகக் குடிக்கிறான் கணவன், கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகுகிறது, அது மனைவிக்குத் தொற்றி நியூமோனியாவாகிறது, பெனிசிலின் கேட்காமல் அவள் சாகிறாள். என் பயிற்சிக் காலத்தில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். படித்தது கவுண்டருக்கு வந்து சேர எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

மாமியின் குடலில் நடந்ததும் அதுதான். ஒவ்வொரு சிப்ரோவுக்கும் சாகக்கூடியவை செத்தன, தாங்கக்கூடியவை மிஞ்சின. மிஞ்சியவை சும்மா இருப்பதில்லை. மருந்தைத் தோற்கடிக்கும் குறிப்பைத் தனியான மரபணுத் துண்டாகப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றும், அது வேறு சாதிக் கிருமியாக இருந்தாலும். எங்களிடம் வைத்தியரின் துண்டு இல்லாமல் இருக்கலாம். அவற்றிடம் துண்டுக்குக் குறைவே இல்லை.

ஆகவே சலக்கடுப்பு இரண்டாம் முறை வந்தால் கல்ச்சர் கேளுங்கள். மருந்து தொடங்குவதற்கு முன் சலத்தைக் கொடுங்கள். ஒரு குளிசை போட்டுவிட்டுக் கொடுத்தாலும் முடிவு பிழைக்கலாம். உறுப்பைக் கழுவி, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய போத்தலில் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில். படுவான்கரையிலிருந்து பாதையும் பஸ்ஸுமாக வருகிறவர்கள் சலத்தை வீட்டில் பிடித்து வெயிலில் கொண்டுவருவதைவிட ஆய்வுகூடத்துக்கு வந்து பிடிப்பது நல்லது. ரிப்போர்ட்டில் 'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், 'ஆர்' என்றால் அடங்காது, 'ஐ' என்றால் கூடிய அளவில்தான் அடங்கலாம். 'எஸ்' எழுத்தைக் கண்டு நீங்களே கடைக்கு வராதீர்கள். எந்த 'எஸ்' உங்கள் சிறுநீரகத்துக்கும் வயதுக்கும் பொருந்தும் என்பது வைத்தியரின் கணக்கு. அந்தத் தாளை மட்டும் எறியாதீர்கள். அடுத்த தடவை அதுதான் வழிகாட்டும்.

மாமியின் கட்டிலைப் போல உலகில் எத்தனை கட்டில்? 2021இல் மருந்துக்கு அடங்காத பக்டீரியாவே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் 11 இலட்சத்து 40 ஆயிரம் பேர் என்று 2024இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இப்படியே போனால் 2025இலிருந்து 2050 வரை 3 கோடி 90 இலட்சம் பேர். 2023இல் ஆய்வுகூடத்தில் உறுதியான பக்டீரியாத் தொற்றுகளில் உலகளவில் ஆறில் ஒன்று மருந்துக்கு அடங்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பிரிப்பில் இலங்கையும் அடங்கும் தென்கிழக்காசிய வலயத்தில் மூன்றில் ஒன்று. உலகம் அந்த வருடம் விழுங்கிய அன்டிபயோட்டிக் ஏறத்தாழ 4,930 கோடி நாள்-அளவு (ஓர் ஆள் ஒரு நாளைக்கு வழமையாக எடுக்கும் அளவு) என்றும் 2030இல் அது 7,510 கோடியாகலாம் என்றும் இன்னொரு மதிப்பீடு. இந்த இலக்கங்களைக் கடையில் நான் ஒட்டிவைக்கவில்லை. மாமியின் ரிப்போர்ட்டின் பிரதியைப் பெயரை மறைத்து ஒட்டியிருக்கிறேன். ஐந்து அமொக்சிலின் கேட்பவர்கள் அதைப் பார்த்தால்தான் நின்று கேட்கிறார்கள்.

வயலுக்குப் போகிறவர்கள்

அம்பாறைப் பக்கத்து வட்டைகளிலும் எங்கள் படுவான்கரையிலும் வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. இது பக்டீரியா, எலியின் சலம் கலந்த நீரிலிருந்து காயத்தின் வழியே ஏறும். ஆபத்துள்ள பகுதிகளில் பொதுச் சுகாதார பரிசோதகர்கள் டொக்சிசைக்ளின் கொடுப்பார்கள்: வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். நோய் வருமுன் அன்டிபயோட்டிக் போடுவது சரியாகும் அரிய இடங்களில் இது ஒன்று. சாப்பிட்ட பின், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது வேண்டாம். போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் "வயலில் இறங்கினேன்" என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். குளிசை முழுக் காவல் அல்ல. பரிசோதகர் தந்ததை மகளின் முகப்பருவுக்கு எடுத்துவைத்த போடியார் (வயல் முதலாளி) ஒருவரையும் எனக்குத் தெரியும்.

கோழியும் எருமையும்

கோழிகள் தூங்கி விழுகின்றன என்று மனிதர் விழுங்கும் அன்டிபயோட்டிக் கூட்டைப் பிரித்துத் தண்ணீர்ச் சட்டியில் கொட்டுகிறவர்களுக்கு நான் இப்போது விற்பதில்லை. அது பெரும்பாலும் வைரசு நோயாக இருக்கும். கோழிக்குத் தேவை காலத்தில் போடும் தடுப்பூசி. உலகில் விற்கும் கிருமியெதிர்ப்பு மருந்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கே போவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாம் கூட்டத்தில் பூட்டிவைக்க வேண்டிய கொலிஸ்டினைப் பன்றித் தீனியில் கலந்து கொடுத்த சீனாவில், அதைத் தோற்கடிக்கும் கைமாற்றத்தக்க மரபணு 2015இல் வெளிப்பட்டது. 2017இல் சீனாவும் 2019இல் இந்தியாவும் அப்படிக் கொடுப்பதைத் தடைசெய்தன.

எனக்கு இதை விளங்கவைத்தவர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் எருமைப் பட்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். ஒருநாள் வந்து, "தங்கச்சி, பால் காய்ச்சி உறை ஊற்றினேன், பன்னிரண்டு சட்டியும் உறையவில்லை, யாரோ கண்ணூறு" என்றார். துருவிக் கேட்டதில், மடி வீங்கிய எருமைக்கு முதல்நாள் ஊசி போட்டிருந்தார். அந்தப் பாலையும் மற்றப் பாலோடு சேர்த்துவிட்டார். உறையில் இருப்பதும் பக்டீரியாதானே. மருந்து அவற்றையும் கொன்றுவிட்டது. சட்டியில் உறையாததைக் கண்ணால் பார்க்கலாம். குடிக்கும் பாலில் அது போனால் எதுவும் தெரியாது, பிள்ளையின் குடலுக்குள் போய்ச் சேரும்.

ஊசி போட்டால் எத்தனை நாள் பால் விற்கக்கூடாது என்பது மருந்துப் போத்தலின் லேபிளில் இருக்கும். அது முடியும்வரை அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, பாலைத் தனியாக ஊற்றிவிட வேண்டும். இறைச்சிக்கும் முட்டைக்கும் இதே கணக்கு. மிருக வைத்தியரிடம் நாளைக் கேட்டுச் சுவர்க் கலண்டரில் குறியுங்கள். அந்த அண்ணனுக்கு எழுத்து ஓடாது. ஊசி போட்ட எருமையின் கொம்பில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறார்; நாள் முடியும்போது மிருக வைத்தியர் சொன்னால்தான் அவிழ்ப்பார். சனிக்கிழமைகளில் எனக்கு ஒரு சட்டி தயிர் கொண்டுவருவார். நான் சட்டியை வாங்குமுன் கேட்பேன்: "அண்ணன், இந்தக் கிழமை எத்தனை துணி?"